அய்யம்பெருமாளின் முழுத்தலை

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அய்யம்பெருமாளிடம், முடி கொட்டுகிறது என்று முறையிட வருகிறவர்கள் முதலில் அவருடைய தலையைத்தான் பார்ப்பார்கள். ஒன்றிரண்டு வருடம் முன்பு வரைக்கும் அது பார்க்க வேண்டிய தலையாகவும் இருந்தது. நெற்றி எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பின்மண்டையைச் சுற்றி மட்டும், வற்றிய குளத்தின் கரையோரக் கோரையைப் போல ஒரு வளையம் மிச்சம் இருந்தது. இப்படிப்பட்டவரிடமா முடிக்கு மருந்து கேட்பார்கள் என்றால், கேட்டார்கள். தலை நிறைய முடி வைத்திருந்த எதிர்க்கடைக்காரரை விட்டுவிட்டு இவரிடம் வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். முடி உள்ளவர் சொன்னால் எதையோ விற்கப் பார்க்கிறார் என்று சந்தேகம் வரும். இவரிடம் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

“அண்ணே, இந்த எண்ணெய் எப்படிண்ணே?” என்று யாராவது செல்போனை நீட்டுவார்கள்.

“நல்ல எண்ணெய்தான். தோசைக்கு ஊத்துனா மொறுமொறுன்னு வரும்.”

“அப்ப முடிக்கு?”

“உங்கப்பாவுக்கு எப்படி?”

“வழுக்கைதாண்ணே.”

“தாய்மாமன்?”

“அவரும் அப்படித்தான்.”

“அப்பறம் எண்ணெய் என்னங்க பண்ணும், பாவம்?”

இதற்குப் பிறகுதான் வைத்தியம் தொடங்கும். முதலில் தோல் டாக்டரைப் பாருங்கள் என்பார். மினாக்ஸிடில் லோஷன் எழுதிக்கொண்டு வந்தால், ஒரு வேளைக்கு ஒரு மில்லி, காய்ந்த தலையில், முடியில் இல்லாமல் தோலில் படும்படி என்று டிராப்பரைப் பிடித்தே காட்டுவார். முதல் மாதம் இன்னும் கொஞ்சம் கொட்டும், பயந்துபோய் நிறுத்தக் கூடாது; நாலு மாதம் வரை கண்ணாடியை நம்பக் கூடாது; வந்துவிட்டது என்று நிறுத்தினால் வந்தது திரும்பிப் போய்விடும் என்பார். ஃபினாஸ்டரைடு மாத்திரையைச் சீட்டு இல்லாமல் தொடவே மாட்டார். சிலருக்கு அதில் வரக்கூடிய சங்கடத்தை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார். அதைக் கேட்டதும் பாதிப் பேர் முடியைவிடக் குடும்பம் முக்கியம் என்று எழுந்து போய்விடுவார்கள். குழந்தை பெற்று மூன்று மாதம் ஆன பெண்கள் கொத்துக் கொத்தாகப் போகிறது என்று கண் கலங்கினால், “அது தானா நின்னுடும்மா. நிக்கலன்னா ரத்தத்துல இரும்புச்சத்து, தைராய்டு ரெண்டையும் பாத்துட்டு வா” என்று கைமருந்தாக நாலு நல்ல வார்த்தையைக் கொடுத்து அனுப்புவார்.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வளருமா என்பது தினமும் ஒருமுறையாவது வந்துவிடும் கேள்வி.

“வேர் உள்ள இருக்கு, கத்தி மேல போவுது. மொட்டை போட்டா அதிகமா வளரவும் வளராது, இருக்கறது கெட்டும் போவாது.”

பன்னிரண்டு வருடமாக அய்யம்பெருமாள் இதைச் சொல்லிவந்தார். உண்மை என்பதால் அதைச் சொல்ல அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை. உண்மைகள் பெரும்பாலும் அடுத்தவர் தலைக்குத்தான் என்று அவரும் நம்மைப் போலவே நினைத்திருந்தார்.

இத்தனை தெரிந்தவர் தன் முடியை எப்படிக் கோட்டை விட்டார்? அறிவு வந்து சேர்வதற்குள் முடி கிளம்பிவிட்டது, அவ்வளவுதான். இருபத்து நாலு வயதில் வகிடு அகலமாகத் தொடங்கியபோது, சின்ன வெங்காயச் சாற்றைத் தேய்த்தால் முளைக்கும் என்று கூட வேலை பார்த்தவர் சொன்னார். வெங்காயத்துக்குப் பஞ்சமில்லாத சீமை. ஒன்றரை வருடம் தேய்த்தார். வீட்டுக்குப் போகும் குன்னம் பஸ்ஸில் அந்த ஒன்றரை வருடமும் அவருக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்து சீட்டும் காலியாகவே வந்தது. வேறு பலன் எதுவும் தெரியவில்லை.

ஆனால் முடி போனதில் அவரைவிட அதிகம் தவித்தது அவருடைய அம்மா செங்கமலம். அதற்குக் காரணம் அழகு அல்ல, ஒரு வேண்டுதல்.

செங்கமலத்துக்குப் பிறந்த ஊர் மீன்சுருட்டி. பத்து வயதில் நாற்று முடியைக் கையில் பிடித்தவர், கல்யாணம் ஆகிக் குன்னத்துக்கு வந்தபின் மக்காச்சோளமும் பருத்தியும் வெங்காயமும் பார்த்தார். எல்லாம் அடுத்தவர் நிலத்தில். கணவர் சீக்கிரம் போய்விட்டார். மகனைப் பார்மஸி படிக்க வைத்தார். அந்தப் படிப்பின் நடுவில், பத்தொன்பது வயதில், அய்யம்பெருமாளுக்கு மஞ்சள் காமாலை வந்து, ஆள் எழுந்து உட்காரவே முடியாமல் போயிற்று. செங்கமலம் சிறுவாச்சூருக்குப் போய், ஈரப் புடவையோடு அம்மன் முன்னால் நின்றார்.

“எம்புள்ளைய எழுப்பி வுடு தாயி. அவன் முழுத்தலை முடியையும் உனக்கே குடுத்துடறேன்.”

பிள்ளை எழுந்துவிட்டான். அப்போது அவன் தலையில் முடி அலை அலையாக நின்றது. அதனாலேயே கொடுக்க மனம் வரவில்லை. பரீட்சை முடியட்டும் என்றான், சர்டிபிகேட்டுக்குப் போட்டோ எடுக்கணும் என்றான், இன்டர்வியூ என்றான். அம்மன் காத்திருந்தாள். முடி காத்திருக்கவில்லை.

முப்பது வயதில், இனி தள்ளிப்போட எதுவும் இல்லாதபோது, அவரே அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிறுவாச்சூர் போனார். மொட்டை போடும் மாயவன் அவருடைய தலையை முன்னும் பின்னுமாகச் சாய்த்துப் பார்த்தார்.

“இதுல எடுக்க என்னங்க இருக்கு? மழிச்சாலும் மழிக்காட்டியும் ஒரே மாதிரிதான் இருப்பீங்க.”

“எழுந்திரு, பெருமாளு” என்றார் செங்கமலம்.

“ஏம்மா, இருக்கறதக் குடுப்போம்.”

“முழுத்தலைன்னு சொன்னேன். ஒரு மூட்டை கூலின்னு பேசிட்டு ஒரு மரக்கா அளந்து போட்டா நானே வாங்க மாட்டேன். அவ வாங்குவாளா?”

கொட்டியதையெல்லாம் அவளே எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று அய்யம்பெருமாள் பஸ்ஸில் கேட்டுப் பார்த்தார். பாத்ரூமில் விழுந்தது கணக்கில் வராது என்று அம்மா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் மிக்ஸி புகைந்தாலும், மருமகள் மணிமொழிக்குத் தலைவலி வந்தாலும், பேத்திக்குச் சளி பிடித்தாலும், செங்கமலம் சிறுவாச்சூர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். இதில் கொடுமை என்னவென்றால், செங்கமலத்தின் தலையில், அறுபத்தாறு வயதிலும், கழுத்தை மறைக்கும் கொண்டை. அவிழ்த்தால் இடுப்பைத் தொடும். வாழ்க்கையில் அவர் வைத்துக்கொண்ட ஒரே ஆடம்பரம் அதுதான். வாரத்துக்கு ஒருமுறை வாசலில் உட்கார்ந்து சிக்கெடுப்பார். மகன் அந்தப் பக்கம் பார்க்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்.

அய்யம்பெருமாளைத் தட்டி எழுப்பியது பக்தியல்ல, ரஞ்சித்குமார். அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை. பள்ளிக்கூடத்தில் இவருக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். ஹெல்மெட்டால்தான் முடி போகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவரிடம், “ஹெல்மெட்டக் குத்தம் சொல்லாதீங்க, உங்க தாத்தாவைச் சொல்லுங்க” என்று எடுத்துச் சொல்லி, திருச்சியில் தோல் டாக்டர் ஹேமலதாவிடம் அனுப்பியவரே இவர்தான். ரஞ்சித்குமார் மருந்து சாப்பிட்டு, பிறகு முடி நட்டுக்கொண்டு, ஒரு வருடம் கழித்துத் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு கடைக்கு வந்தார். முன்நெற்றியில் சுருள் விழுந்திருந்தது. இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஒரு அம்மாள் ரஞ்சித்குமாரைப் பார்த்துக் கனிவாகக் கேட்டார்.

“உங்கப்பா கடையா தம்பி?”

ரஞ்சித்குமார் நல்ல மனிதர். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு அய்யம்பெருமாளை இன்னும் புண்படுத்தியது. அன்று சாயங்காலம் ஸ்கூட்டர் ரிப்பேர் என்று பஸ் ஏறினால், தன்னைவிட மூத்தவராகத் தெரிந்த கண்டக்டர், “பெரியவரே, உள்ள போங்க” என்றார்.

அய்யம்பெருமாள் அடுத்த வாரமே திருச்சிக்குப் போனார்.

டாக்டர் ஹேமலதா அவசரப்படவில்லை. மிச்சம் இருப்பது நிற்க வேண்டும் என்று எட்டு மாதம் லோஷனும் மாத்திரையும் கொடுத்து வைத்திருந்துவிட்டுத்தான் முடி நட நாள் குறித்தார். வீட்டில் முதலில் மணிமொழியிடம் சொன்னார் அய்யம்பெருமாள்.

“ஏங்க, உங்க தலையைப் பாத்துட்டுத்தானே கட்டிக்கிட்டேன்? நான் ஏதாச்சும் சொன்னனா?”

“நீ சொல்லல. கண்டக்டர் சொல்றான்.”

“அப்ப அவனுக்காகப் போய்ப் பண்ணிக்கங்க” என்ற மணிமொழி, மாமியாரிடம் போய்ச் சொல்லியும்விட்டார். தலையில் ஊசி குத்துவதா என்று அம்மா ஊரைக் கூட்டப்போகிறார் என்று அய்யம்பெருமாள் பயந்துகொண்டிருந்தார். கொல்லையிலிருந்து ஈரக் கையைத் துடைத்தபடி வந்த செங்கமலத்தின் கண் கலங்கியிருந்தது.

“இருவது வருசம் ஆனாலும் மறக்கலையே எஞ்சாமி! அவளுக்குக் குடுக்கறதுக்குத்தானே?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அய்யம்பெருமாள் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வரப்போகும் எதிர்ப்பையும் நினைத்துப் பார்த்தார்.

“ம்” என்றார்.

கடையில் பன்னிரண்டு வருடம் முடி விஷயத்தில் ஒரு பொய் சொல்லாதவர். இதுவும் முழுப் பொய் இல்லை; ஒரே எழுத்து.

ஆபரேஷனுக்கு முன் டாக்டர் விளக்கும்போது செங்கமலமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்மண்டையில் இருக்கும் முடிக்குக் கொட்டும் குணம் கிடையாது, அதிலிருந்து ஒவ்வொரு வேராக எடுத்து முன்னால் வைப்போம், போன இடத்திலும் அது தன் குணத்தோடுதான் வளரும் என்றார் டாக்டர். அய்யம்பெருமாள் புரிந்த மாதிரி தலையாட்டினார். செங்கமலத்துக்கு நிஜமாகவே புரிந்துவிட்டது.

“அப்ப பின்னாடி நாத்தங்கா, முன்னாடி நடவு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அவ்வளவுதாம்மா.”

“நெருக்கி நட்டா எடுப்பா வராதே, டாக்டரம்மா?”

“வராது. அதான் இடம் விட்டு வைப்போம். சாய்வும் பாத்து வைக்கணும்.”

“நாத்தங்காலை ஒரேயடியா பறிச்சுடாதீங்க. பின்னாடி பொட்டலாயிடும்.”

“பெருமாள் சார், கேக்க வேண்டியதை உங்க அம்மாதான் கேக்கறாங்க” என்றார் டாக்டர். “பின்னாடி இருக்கறது அளவுதான். எடுத்த இடத்துல திரும்ப முளைக்காது. ஆசைப்பட்டு நெத்தியக் கீழ இறக்கச் சொல்லி வர்றவங்களுக்கு இது புரியவே மாட்டேங்குது. அப்பறம், நட்டது நின்னுடும். பழைய முடி நிக்கணும்னா மருந்தை விடக் கூடாது.”

காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை, இரண்டாயிரத்து அறுநூறு வேர் நட்டார்கள். செங்கமலம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இத்தனை பொடி நடவுக்கு எத்தனை ஆள் இறங்கியிருப்பார்கள் என்று நர்ஸிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம், நட்டதெல்லாம் தலையணையில் கிடந்தது. இப்படி ஆகும் என்று அய்யம்பெருமாளுக்குத் தெரியும். முடி மட்டும் உதிரும், வேர் தங்கும், மூன்று நாலு மாதத்தில் முளை வரும் என்று எத்தனையோ பேருக்கு அவரே தைரியம் சொல்லியிருக்கிறார். சொந்தத் தலையணையைப் பார்த்ததும் அத்தனை தைரியமும் போய், பாத்ரூம் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். செங்கமலம் வந்து எட்டிப் பார்த்தார்.

“நட்ட நாத்து பச்சை புடிக்கறதுக்கு முன்னாடி பழுக்காதா? வயக்காட்டுல நாங்க பாக்காததா? வேர் உள்ள இருக்குல்ல?”

“இருக்கும்மா.”

“அப்ப எழுந்து பல்ல வெளக்கு.”

நாலாவது மாதம் முளைத்தது. எட்டாவது மாதம் வகிடு எடுக்க வந்தது. ஒரு வருடம் முடியும்போது, அய்யம்பெருமாள் பதினைந்து வருடம் கழித்துச் சட்டைப் பையில் சீப்பு வைத்துக்கொண்டார். இன்சுலின் வைக்கும் பிரிட்ஜின் கண்ணாடிக் கதவில் தெரிந்த தன் முகத்தை, இன்சுலின் கேட்டு யாரும் வராதபோதும் அடிக்கடி போய்ப் பார்த்தார். கண்டக்டர் “அண்ணே” என்றார். கடையில்தான் சிக்கல். முடியோடு அவர் சொன்ன வைத்தியத்தை யாரும் முன்போல நம்பவில்லை.

“நல்ல மருந்த நீங்க வச்சுக்கிட்டு எங்களுக்கு மட்டும் தைராய்டு பாரு, இரும்புச்சத்து பாருங்கறீங்க!”

“இதே மருந்துதாம்மா. அதுக்கு மேல ஆபரேஷன்.”

“அதெல்லாம் இல்ல. என்ன எண்ணெய்னு மட்டும் சொல்லுங்க.”

அதுகூடப் பரவாயில்லை. பதின்மூன்றாம் மாதம் ஒரு காலை, தலை வாரிக்கொண்டிருந்தவருக்குப் பின்னால் செங்கமலம் வந்து நின்றார். கண்ணாடியில் மகன் தலையை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை நிதானமாகப் பார்த்தார். விளைந்த வயலை வரப்பில் நின்று பார்க்கிற பார்வை.

“வர்ற திங்கக்கெழம நல்ல நாளு. கோயிலும் தொறந்திருக்கும். போயிட்டு வந்துருவோம்யா.”

“எங்கம்மா?”

“எங்கயா? நட்டது எதுக்கு, அறுக்கத்தானே?”

சீப்பு அந்தரத்தில் நின்றது.

மறுநாள் அய்யம்பெருமாள் திருச்சியில் இருந்தார். டாக்டர் ஹேமலதா அவர் தலையை விளக்கடியில் பார்த்துவிட்டு, ரொம்ப நல்லா வந்திருக்கு என்றார்.

“டாக்டர், இந்த நேரத்துல மொட்டை போட்டா ஏதாச்சும் ஆயிடுமா?” அந்தக் கேள்வியில் நிறைய நம்பிக்கை இருந்தது.

“வருஷம் தாண்டிடுச்சே. தாராளமா போடலாம்.”

“வேரு கிரு கெட்டுப்போவாதா?”

“நீங்க பார்மஸிஸ்ட். நீங்களே சொல்லுங்க.”

அய்யம்பெருமாள் மேஜையைப் பார்த்துக்கொண்டு, “கெடாது” என்றார்.

“அப்பறம்?”

“கொஞ்சம் கெடும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தீங்கன்னா...”

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். “மொட்டை போடலாமா, போட்டா போயிடுமான்னு பயந்துக்கிட்டு வருவாங்க. போடக் கூடாதுன்னு எழுதிக் கேட்டது நீங்க ஒருத்தர்தான். அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க.”

சீட்டில்லாமல் மருந்து கொடுக்காதவர், சீட்டில்லாமலேயே பொய் சொன்னார். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, “டாக்டர் கூடாதுன்னுட்டாங்கம்மா. கத்தி பட்டா வேர் போயிடுமாம்” என்றார்.

செங்கமலம் எதிர்த்துப் பேசுவார் என்று ஆறேழு பதில் தயாரித்து வைத்திருந்தார். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

“அப்படியா? படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் அம்மா. பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, “நீ கவலைப்படாத. ஒன்னால ஆனத நீ பண்ணிட்ட” என்றார்.

மணிமொழி கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் தட்டில் விழவேண்டிய இரண்டாவது கரண்டிக் குழம்பைச் சட்டியிலேயே திரும்ப ஊற்றினார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கடையில் போன் அடித்தது.

“ஏங்க, அத்தை தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தலையோட பஸ் ஏறிட்டாங்க. சிறுவாச்சூருக்கு.”

“எதுக்கு?”

“உங்களுக்குப் பதிலா அவங்க முடியக் குடுக்கப் போறாங்களாம். எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். பேசுனது முழுத்தலை, எந்தலையும் முழுத்தலைதானேங்கறாங்க. கத்தி பட்டா வேர் போயிடுமாம்ல, பரவால்லயான்னு கேட்டேன். இந்த வயசுல எனக்கெதுக்கு வேருன்னுட்டாங்க.”

அய்யம்பெருமாள் ஷட்டரை இழுத்தார். வாசலில் ஒருவர் நின்றிருந்தார்.

“சார், ரொம்ப முடி கொட்டுது...”

“எனக்கும் இன்னும் அரை மணி நேரத்துல மொத்தமா கொட்டிடும். நாளைக்கு வாங்க, பேசிக்கலாம்.”

ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் போகும்போது அவருக்கு நினைவில் வந்ததெல்லாம் வாசலில் சிக்கெடுக்கும் அம்மாதான். அந்தப் பக்கம் பார்க்காமலேயே இத்தனை வருடம் போயிருக்கிறார். பொறாமை என்று இப்போதுதான் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் வியர்த்தது.

கோயிலில் கூட்டம். மொட்டை போடும் இடத்தில், மாயவனுக்கு எதிரே மணைக்கட்டையில் செங்கமலம் உட்கார்ந்திருந்தார். கொண்டை அவிழ்ந்து, நரை கலந்த ஈர முடி தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. மாயவனுக்கும் இந்தப் பத்து வருடத்தில் வயதாகியிருந்தது; புது பிளேடைப் பிரித்துக் கத்தியில் செருகிக்கொண்டிருந்தார்.

“அம்மா, எழுந்திரு.”

செங்கமலம் நிமிர்ந்து பார்த்தார். “கடையப் போட்டுட்டு ஏன்யா வந்த?”

“டாக்டர் போடலாம்னுட்டாங்க.”

“எப்பச் சொன்னாங்க?”

அய்யம்பெருமாள் ஹெல்மெட்டைக் கழற்றினார். “மொதல்லயே.”

செங்கமலம் மகனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அது ஓய்ந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். மாயவனுக்குத்தான் பொறுக்கவில்லை.

“யாராச்சும் ஒருத்தர் உக்காருங்க. பின்னாடி வரிசை நிக்குது.”

“ரொம்ப ஆசையா இருந்துச்சும்மா” என்றார் அய்யம்பெருமாள்.

“எனக்கு மட்டும் தெரியாதா?” செங்கமலம் எழுந்து, இரண்டே சுற்றில் கொண்டையை முடிந்துகொண்டார். “ஒரு நாளைக்கு நாலு தடவ கண்ணாடியில பாக்கறது ஆசையில்லாமயா? உக்காரு.”

மாயவன் சொம்புத் தண்ணீரை ஊற்றி உச்சந்தலையைத் தேய்த்தார். பத்து வருடம் முன்பு சாய்த்துப் பார்த்த தலை அவருக்கு நினைவில் இருக்க நியாயமில்லை.

“நல்ல முடி. எதுக்குங்க, புள்ளை வரமா?”

“இல்லீங்க. மஞ்சக் காமாலை.”

“எப்ப வந்துச்சு?”

“இருவத்தோரு வருசமாச்சு.”

மாயவன் கத்தியை ஒருகணம் நிறுத்தி, பிறகு தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல இழுத்தார். திருச்சியில் ஒரு பகல் முழுக்க நட்டது, நாலைந்து இழுப்பில் மடியில் வந்து விழுந்தது. கண் கலங்கியது கண்ணில் முடி விழுந்ததால்தான் என்று அய்யம்பெருமாள் பிற்பாடு மணிமொழியிடம் சொன்னார். மணிமொழி அதை நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

குளித்து, சந்தனம் பூசுவதற்கு முன்னால், பக்கத்துக் கடைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பழைய பளபளப்பு திரும்ப வந்திருக்கும் என்று நினைத்துத் தயங்கித்தான் பார்த்தார். அது இல்லை. நெற்றி இன்ன இடத்தில் முடிகிறது என்று தெளிவாக ஒரு கோடு. அங்கிருந்து பிடரி வரைக்கும் ஒரே சீராக நீலம் பாய்ந்த நிழல். நாற்பது வயதில்தான் அவருக்கு முதல் மொட்டை வாய்த்திருக்கிறது. மொட்டை போட்டுக்கொள்ள முடி வேண்டும் என்பதை இத்தனை பேருக்கு யோசனை சொன்னவர் யோசித்துப் பார்த்ததே இல்லை.

செங்கமலம் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, முதலில் வெறுங்கையால் அந்தத் தலையை முன்னிருந்து பின்னாகத் தடவினார். பிறகு பின்னிருந்து முன்னாக.

“அறுத்த வயலாட்டம் குத்துது” என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. “முழுத்தலை!”

அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது பூக்காரப் பெண் குரல் கொடுத்தார்.

“அண்ணே, பூ வாங்கிட்டுப் போங்கண்ணே!”

மொட்டைக்கும் அண்ணேதானா என்று நின்று திரும்பிப் பார்த்த அய்யம்பெருமாள், ஒரு முழம் போதும் என்று சொன்ன அம்மாவைப் பொருட்படுத்தாமல் மூன்று முழம் வாங்கி, அந்தப் பெரிய கொண்டையில் தானே வைத்துவிடப் பார்த்தார். அம்மா கையைத் தட்டிவிட்டு, மணிமொழிக்கு என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில், சந்தனத்தின் மேலேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மெதுவாக ஓட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த செங்கமலம் கொஞ்ச தூரம் போனதும் கூப்பிட்டார்.

“பெருமாளு.”

“ம்.”

“இது மறுபடியும் முழுசா வர்றதுக்கு எத்தன மாசம் ஆவும்?”

“ஏழெட்டு மாசத்துல நல்லா வந்துடும். ஏம்மா?”

ஒரு சிமெண்ட் லாரி இரைந்துகொண்டு கடந்து போனது.

“ஒண்ணுமில்லய்யா. மணிமொழி பிரசவத்தப்ப மீன்சுருட்டியில நம்ம சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சேன். அவசரமில்ல. நீ அந்த மருந்த மட்டும் வுட்டுடாத.”